கூரைகள் கூடுமிடம்

வீடு என்றதும் மனத்தில் எழும் உருவம் பெரும்பாலும் கூரையினுடையதே. சுவரில்லாத மண்டபத்திலும் மனிதன் தங்குவான். கூரையில்லாத இடத்தில் மழைக்காலத்தைக் கழிப்பது அவனுக்கு அரிது. அக்கூரை ஒன்றாய் இருக்கும்வரை சிக்கல் எழுவதில்லை. வீடு வளர்ந்து, ஒரு கூரை மற்றொரு கூரையைக் குறுக்கே சந்திக்கும்போதுதான் கேள்வி பிறக்கிறது: இரண்டு எவ்வாறு ஒன்றாவது? இக்கேள்வி தச்சருக்கு மட்டும் உரியதன்று. அறத்தை ஆராய்வோர்க்கும் உரியது.

முற்காலத் தச்சர் நூலும் மூலைமட்டமும் கொண்டு இதற்கு விடை கண்டனர். இன்று அப்பணியைக் கணினி மேற்கொள்கிறது. கட்டடங்களை உருமாதிரியாக அமைத்துக் காட்டும் ரெவிட் என்னும் மென்பொருள் 2000ஆம் ஆண்டில் வெளிவந்து, 2002இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் உடைமையாயிற்று. சிங்கப்பூரில் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத் திட்டங்களை இத்தகைய உருமாதிரியாகவே அளிக்க வேண்டும் என்னும் விதி 2015இல் வந்தது. இம்மென்பொருளில் கூரைகளை இணைப்பதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. முதற்கூரையின் ஓர் ஓரத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். பின்னர் மற்றக் கூரையின் முகத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். அவ்வளவே. கண்ணிமைக்கும் நேரத்தில் முதற்கூரை நீண்டு சென்று மற்றதன் மேல் பொருந்திவிடும்.

புறத்தே நின்று நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றெனவே தோன்றும். ஆனால், உள்ளே புகுந்து நோக்கினால் உண்மை வேறாக இருக்கும். அடியிலுள்ள பெருங்கூரை வெட்டப்படாமல் அப்படியே கிடக்கும். இரு கூரைகளின் உள்வெளியும் ஒன்றாக வேண்டுமெனில், அங்கே தனியாக ஒரு திறப்பை வெட்ட வேண்டும். ஸ்கெட்ச்அப் என்னும் பிறிதொரு மென்பொருளில், தளங்கள் வெட்டிக்கொள்ளும் கோட்டினை இயந்திரம் வரைந்து தரும். எஞ்சி நிற்கும் பகுதிகளை வரைபவரே நீக்க வேண்டும். ஆகவே, ஒன்றாய்த் தோன்றுவது வேறு. ஒன்றாய் இருப்பது வேறு. இயந்திரம் முன்னதை எளிதில் தருகிறது. பின்னதற்கு மனிதனின் எண்ணம் வேண்டியிருக்கிறது.

இனி, கூரைகள் கூடும் அந்தப் பள்ளத்தை நோக்குவோர் ஒரு வியப்பைக் காண்பர். ஒரே சரிவுடைய இரண்டு கூரைகள் செங்கோணத்தில் கூடும்போது, அவற்றிடையே அமையும் பள்ளத்தின் சரிவு அவ்விரண்டின் சரிவினும் குறைவானது. கூரைகள் 30 பாகை சாய்ந்திருந்தால், பள்ளம் ஏறத்தாழ 22 பாகையே சாய்ந்திருக்கும். இரு பக்கத்து நீரும் வந்து சேர்வது அங்கேதான். நீர் விரைந்தோடத் தயங்குவதும் அங்கேதான். உதிர்ந்த இலைகளும் அங்கேயே தங்கும். ஆண்டிற்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் சிங்கப்பூர் போன்ற இடத்தில் இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டுவதில்லை. பெருஞ்சுமை மெலிந்த இடத்தில் ஏற்றப்படுகிறது. திரையிலோ அப்பள்ளம் பருமனற்ற ஒரு கோடு மட்டுமே.

தமிழ் பயில்வோர்க்கு இந்நிலை புதியதன்று. நிலைமொழியும் வருமொழியும் கூடும்போது நிகழும் மாற்றங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என இலக்கணம் வகுத்துரைக்கிறது. வாழைப்பழத்தில் ஓர் எழுத்துத் தோன்றுகிறது. பொற்குடத்தில் ஓர் எழுத்துத் திரிகிறது. மரவேரில் ஓர் எழுத்துக் கெடுகிறது. கூரைகளின் புணர்ச்சியும் இத்தகையதே. இரண்டிற்கும் உரியதல்லாத ஓர் உலோகத் தகடு பள்ளத்தில் புதிதாய்த் தோன்ற வேண்டும். ஓரத்து ஓடுகள் சாய்வாக வெட்டப்பட்டு வடிவம் திரிய வேண்டும். உள்ளே மறைந்து கிடக்கும் பகுதி கெட வேண்டும். எதனையும் ஏற்காமலும் இழக்காமலும் கூடிய கூட்டம் நெருங்கி நிற்றலேயன்றி இணைதலாகாது.

மலேசியாவின் வரிசை வீடுகளில் பின்புறத்தை நீட்டிச் சமையலறையைப் பெரிதாக்கும் வழக்கம் மிகுதி. புதிய கூரை பழைய கூரையோடு சேர்க்கப்படுகிறது. அடுத்த பெருமழையில் அண்டை வீட்டுச் சுவர் நனைகிறது என்று கொள்ளலாம். குற்றம் யாருடையது? மென்பொருள் பிழையொன்றும் காட்டவில்லை என்பார் வரைந்தவர். வரைந்தபடியே கட்டினேன் என்பார் கொத்தனார். இருவரையும் நம்பினேன் என்பார் வீட்டுக்காரர். மூவர் கூற்றிலும் பொய்யில்லை. ஆயினும், குற்றமே செய்யாத நான்காமவர் வீட்டில் நீர் ஒழுகுகிறது.

கருவியைக் கையாள்பவன் அதன் உள்ளியக்கம் அனைத்தையும் அறிந்திருக்க வேண்டுமா என்று வினவுவோர் உளர். அவ்வினாவில் நியாயம் உண்டு. வர்க்கமூலத்தைக் கையால் கணித்தறியாத பொறியாளரை எவரும் பழிப்பதில்லை. கணக்கை இயந்திரத்திடம் ஒப்படைப்பது சோம்பலுமன்று, இழிவுமன்று. இரு தளங்கள் கூடும் கோட்டினைக் கணினி தச்சரினும் நுட்பமாகக் காணும். ஆனால், அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி வடிவத்தைப் பற்றியது, நீரைப் பற்றியதன்று. கேட்கப்படாத கேள்விக்கு விடை தராதது அதன் குற்றமாகாது. விடை காணும் உழைப்பை மனிதன் பிறிதொன்றிடம் ஒப்படைக்கலாம். கேள்வி கேட்கும் பொறுப்பை ஒப்படைத்தல் இயலாது. ஒப்படைத்ததாக அவன் எண்ணும்போதும் அப்பொறுப்பு அவனிடமே இருக்கிறது. மழை வரும்வரை அது புலப்படுவதில்லை, அவ்வளவே.

இவ்வுண்மை கூரைக்கு மட்டும் உரியதன்று. இரு குடும்பங்கள் மணத்தால் இணையும்போதும், இரு சமூகத்தார் ஒரே தெருவில் வாழும்போதும், விழாவும் வாழ்த்தும் வெளித்தோற்றத்தை விரைவில் ஒன்றாக்கிவிடுகின்றன. இரு பக்கத்துக் குறைகளும் வழிந்து வந்து சேரும் பள்ளம் ஒன்று அவற்றிடையே உண்டு என்பதை எண்ணுவோர் சிலரே. அங்கே பொறுமை என்னும் தகட்டை முன்னரே பதித்து, தேங்கும் சருகுகளை அவ்வப்போது அகற்றுவோரே இணைப்பைக் காப்பவர்.

கட்டடக்கலை பயிலும் மாணவர் தம் கணினித் திரையில் அழகிய கூரையொன்றைக் காட்டும்போது, நல்லாசிரியர் முதலில் அதன் அழகைப் பாராட்டலாம். அடுத்து அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மழைநீர் இதில் எவ்வழியே செல்லும்? அக்கேள்விக்கு விடை தேடத் தொடங்கும் மாணவர், தாம் காணாத அண்டை வீட்டாரையும் எண்ணத் தொடங்கிவிட்டார் என்பது பொருள். அறக்கல்வியின் முதற்பாடமும் அதுவே.