கேட்டறிதலும் பட்டறிதலும்

பாலக்கரையிலிருந்து புறப்பட்டு, மலைக்கோட்டையைக் கடந்து, காவிரிப் பாலத்தின் வழியே திருவரங்கம் நோக்கி வரும் யாத்ரிகர் பலர். வழி இன்னதென்று பிறர் சொல்லக் கேட்டறியலாம். வெயிலில் வந்த உடல் காவிரியில் மூழ்கி எழும்போது பெறும் குளிர்ச்சியையோ இறங்கித்தான் அறிய வேண்டும். சாஸ்திரார்த்தங்களும் இத்தகையனவே. இதனைத் தம் வாழ்வால் காட்டியவர் முதலியாண்டான். 1017-ஆம் ஆண்டில் திருவவதரித்த எம்பெருமானாருக்கு இவர் சகோதரியின் திருமகனார். அவருக்குத் திரிதண்டமாக மதிக்கப்பெற்றவர்.

கீதையின் 18-ஆம் அத்தியாயத்து 66-ஆவது சுலோகம் சரமசுலோகம் எனப் போற்றப்படுகிறது. உடையவர் தாமே ரஹஸ்யார்த்தங்களை வேண்டித் திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். சரமசுலோகத்தின் பொருளுக்காகக் கூரத்தாழ்வான் ஒரு மாதம் உபவாசமிருந்து பெற்றார். ஆண்டானும் அவ்வாறே விண்ணப்பித்தபோது, நம்பியிடமே சென்று கேட்கும்படி உடையவர் நியமித்தருளினார்.

ஆண்டான் திருக்கோட்டியூர் சென்று ஆறு மாதம் காத்திருந்தார். நம்பியோ பொருளைச் சொல்லவில்லை. கல்விச் செருக்கு, செல்வச் செருக்கு, குலச் செருக்கு ஆகிய மூன்றும் நீங்கினால் எம்பெருமானாரே அருளுவார் என்று சொல்லித் திருப்பியனுப்பினார். செருக்குகள் மூன்று என்பதை ஆண்டான் அன்றுதான் கேட்டாரா? அவர் கற்றறிந்த வித்வான். செருக்கு ஆகாது என்று அறிவது வேறு. அது தம்மிடம் இல்லையென்று நிலைநாட்டுவது வேறு.

அதற்குரிய சமயமும் வந்தது. பெரியநம்பியின் திருமகள் அத்துழாய், விடியற்காலையில் நீராடத் தனியே செல்ல அஞ்சி, மாமியாரைத் துணைக்கு அழைத்தாள். பிறந்தகத்திலிருந்து சீதன வெள்ளாட்டியை அழைத்து வருவதுதானே என்று மாமியார் வெடுக்கென்று மொழிந்தாள். மனம் நொந்த மகளைப் பெரியநம்பி உடையவரிடம் அனுப்பினார். உடையவர் அருகிலிருந்த ஆண்டானை நோக்கினார். அத்துழாயின் சீதன வெள்ளாட்டியாகச் செல்லுமாறு நியமித்தார். ஆண்டான் மறுமொழி கூறவில்லை. உடனே சென்றார். நீர் சுமந்தார், அடுப்படியில் நின்று தளிகை செய்தார், ஏவிய பணியெல்லாம் இயற்றினார்.

ஒருநாள் அவ்வீட்டில் ஒருவர் ஒரு சுலோகத்திற்குப் பிழையாகப் பொருள் உரைத்தார். ஆண்டான் அதனைத் திருத்தி மெய்ப்பொருளை எடுத்துரைத்தார். கேட்டோர் வியந்து, அவர் யாரென்று அறிந்தபோது நடுங்கினர். இனி இப்பணி வேண்டா என்று அவர்கள் வேண்டியும், உடையவர் நியமனமின்றி ஆண்டான் அவ்விடத்தை விட்டுப் பெயரவில்லை. வீட்டார் உடையவரைச் சரணடைந்தனர். அவரும் திருவுள்ளம் உகந்து ஆண்டானை அழைத்து, சரமசுலோகப் பொருளைச் சாதித்தருளினார்.

இங்குக் கல்வி பழிக்கப்படவில்லை. அடுப்படியில் இருந்தபோதும் ஆண்டானின் கல்வி குன்றவில்லையே! செருக்கு நீங்கிய கல்வி பிறர்க்குப் பயன்பட்டது. அறியும் ஆசையும் குற்றமன்று. அவ்வாசையே அவரைத் திருக்கோட்டியூர் வரை நடத்திற்று. ஆயினும் சரமசுலோகம் கூறுவது யாது? தன் முயற்சியே தனக்குத் துணையென்னும் எண்ணத்தை விட்டு, எம்பெருமானையே பற்றுக என்பதன்றோ! தன் பெருமையையே விடமாட்டாதவன் இதனைக் கேட்டு என்ன பயன்? தண்ணீர்க் குடத்தைத் தோளில் ஏற்றியபோதே ஆண்டான் அப்பொருளை வாழ்ந்துவிட்டார். உடையவர் சாதித்தது, முன்னமே வாழ்ந்ததற்கு அமைந்த சொல்லே.

திருவரங்கத்தில் உடையவர் ஸந்நிதியில் சாதிக்கும் ஸ்ரீசடாரிக்கு ‘முதலியாண்டான்’ என்றே திருநாமம். ஒரு வீட்டின் வெள்ளாட்டியாகத் தாழ்ந்தவர், இன்று சேவிப்போர் அனைவரின் தலைமேலும் எழுந்தருளுகின்றார். உத்ஸவத்திற்கு வரும் அன்பர்கள் அந்த ஸ்ரீசடாரிக்குத் தலைவணங்கும் கணத்தில், தம்முள் எஞ்சியுள்ள செருக்கு யாதென்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாயின், யாத்திரை பலித்ததாம்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.