தெருநாயும் முதற்சீலமும்

மைசூர் நகரின் மொகல்லாக்களில் விடியுமுன் வேலைக்குச் செல்வோர் காணும் காட்சி ஒன்றுண்டு. குப்பைமேட்டைச் சூழ்ந்து நாய்கள் நிற்கின்றன; துடைப்பமேந்திய தொழிலாளி அஞ்சி ஒதுங்குகிறார். ஒருவர் இரக்கத்தால் அந்நாய்களுக்குச் சோறிடுகிறார். மற்றொருவர், "இவற்றைப் பிடித்து எங்கேனும் தொலைவில் விட்டுவிடலாகாதா?" என்கிறார். கொல்லாமையை முதற்சீலமாக ஏற்ற நாம் இதற்கு என்ன விடை கூறுவோம்?

தொலைவில் விட்டதன் பலனைச் சரித்திரம் காட்டுகிறது. 1910ஆம் ஆண்டில் துருக்கிய அரசாங்கத்தார் இஸ்தான்புல் நகரத் தெருநாய்களைப் பல்லாயிரக்கணக்கில் பிடித்து, மர்மரா கடலிலுள்ள சிவ்ரியாதா என்னும் பாறைத்தீவில் இறக்கிவிட்டனர். அங்கே உணவில்லை, குடிநீரில்லை. அவற்றின்மீது எவரும் கத்தி வைக்கவில்லை. ஆயினும் அவை பசியாலும் தாகத்தாலும் மாண்டன. கண்ணுக்கு மறைவானது கொலையாகாது என்று எண்ணுவோமாயின், நாம் சீலத்தைக் காத்தவராக மாட்டோம்.

சோறிடுவதோடு கருணை முடிந்துவிடுமோ எனின், அதுவுமில்லை. வெறிநாய்க்கடி நோயின் குறிகள் தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. மனிதருக்கு இந்நோய் பெரும்பாலும் நாய்களாலேயே வருகிறது. அதன் பாரம் ஏழைகள்மீதும் குழந்தைகள்மீதுமே மிகுதியாக விழுகிறது. அவர்களை மறந்த ஜீவகாருண்யம் அரைக் காருண்யமே.

நம் நாட்டில் 2001ஆம் ஆண்டின் விதிகளும், அவற்றிற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் விதிகளும் ஒரு நடுவழியைக் காட்டின. நாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசியிட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதே அவ்வழி. நாய்களில் நூற்றுக்கு 70க்கேனும் தடுப்பூசி இட்டுவரின் நோய் பரவுதல் அறும் என்பர் அறிஞர். குப்பையை வைத்துக்கொண்டு நாய்களை மட்டும் அகற்றினால், வேறு நாய்கள் அவ்விடம் வந்து சேரும்.

கருத்தடையும் இம்சையன்றோ என்று அன்பர் சிலர் வினவலாம். அசோக மன்னர் தம் ஐந்தாம் தூண் சாசனத்தில், குறித்த நாட்களில் காளை, ஆடு முதலியவற்றைக் காயடித்தலை விலக்கினார். அவ்வேதனையை நம் பெரியோர் அறியாதவரல்லர். ஆனால் எண்ணமே வினையாகும் என்பது ததாகதர் போதனை. மயக்க மருந்து கொடுத்து, புண் ஆறும்வரை பேணிச் செய்யும் சிகிச்சை, பிறந்து பட்டினியால் சாகும் குட்டிகளின் துன்பத்தைத் தடுப்பதற்கே. பேணாது செய்யின் அது இம்சையே.

பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் முதலிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்கவேண்டும் என்று 2025 நவம்பர் 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தையையும் நோயாளியையும் காப்பது தருமமே. ஆனால் காப்பகத்தில் உணவும் நீரும் மருந்தும் இல்லையேல், அது சுவரெழுப்பிய மற்றொரு சிவ்ரியாதா ஆகும்.

குக்குர ஜாதகத்தை நாம் அறிவோம். அரசனது தேரின் தோலைத் தின்றவை அரண்மனை நாய்கள். கொலைத்தண்டனையோ நகரத்து நாய்களுக்கு. நாயாய்ப் பிறந்திருந்த போதிசத்துவர் அரசன்முன் சென்று அவ்வநீதியை விளக்கினார். இன்றும் குற்றம் ஓரிடம், தண்டனை ஓரிடமாகவே இருக்கிறது. தெருவில் எச்சிலைக் கொட்டுவோர் நாம். வீட்டு நாயோ பூனையோ ஈன்ற பெண்குட்டிகளைச் சாக்கிலிட்டுச் சந்தையோரம் விட்டுவருவோரும் நம்மவரே. அக்குட்டிகளுக்கு அச்சந்தையோரமே தீவு.

ஆகவே, வளர்க்கும் பிராணிக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்விப்போம். எச்சிலைத் தெருவில் எறியாதிருப்போம். கடிபட்டவரின் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். நாம் சோறிடும் நாய்க்கு ஊசி போடப்பட்டதா என்று கேட்டறிவோம். இவ்வளவும் செய்தபின் நாம் இடும் ஒரு பிடி சோறே உண்மையான தானமாகும்.