பழைய எஞ்சின்

ஒரு பொருளை நேசிப்பது வேறு. அந்த நேசத்தின் கணக்கைப் பிறர் தலையில் எழுதுவது வேறு. போடிநாயக்கனூர் ஜீப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று எனக்குக் கேள்வி எழுகிறது.

விடியுமுன்பே அவை புறப்பட்டுவிடும். போடிமெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கப்பால் கேரளத்து ஏலத் தோட்டங்கள். நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெண்களே அதிகம்; மடியில் தூக்குவாளி. மஹிந்திரா நிறுவனத்தார் நம் நாட்டில் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது 1947-இல். அந்த வம்சத்தில் வந்த கிழட்டு வண்டிகளுக்கும் உயிர் கொடுக்கிற கைவித்தை போடிப் பட்டறைகளுக்கு உண்டு.

"கிழவண்டின்னு சொல்லாதீங்கய்யா. லைனர் இறக்கி ரிங் மாத்திட்டா இது குமரிதான்" என்றார் ஒரு மெக்கானிக்.

அதில் பொய் இல்லை. சிலிண்டர் தேய்ந்தால் குடைந்து பெரிய பிஸ்டன் போடலாம். இனிக் குடையச் சுவர் தாங்காது என்றால் உள்ளே லைனர் இறக்கலாம். எல்லாம் மாறிய பிறகு அது அதே எஞ்சின்தானா என்று தத்துவக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும்! இறக்கத்தில், கீழ்க் கியரில், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கவேண்டும். ரிங் தேய்ந்தால் அந்தப் பிடியும் தளரும்.

அமெரிக்காவில் ரீனோ நகரத்தருகே 1964 முதல் 2023 வரை விமானப் பந்தயம் நடந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மஸ்டாங் விமானங்கள் அதில் ஓடின. அவற்றின் 12 சிலிண்டர் மெர்லின் எஞ்சின் போரில் சுமார் 1500 குதிரைச் சக்தி தந்தது. பந்தயத்தில் அதனிடம் இரண்டு மடங்குக்கு மேல் கறந்தார்கள். உற்பத்தி நின்றுபோன எஞ்சினைச் சில நிமிஷ ஓட்டத்துக்காகப் பாழாக்கலாமா, காட்சிசாலையில் வைப்பதல்லவா முறை என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் அக்கறை இல்லை. ஓடப் பிறந்தது ஓடட்டும்.

ஆனால் 2011 செப்டம்பர் 16-ஆம் தேதி அங்கே ஒரு மஸ்டாங் பார்வையாளர் பக்கம் விழுந்து நொறுங்கியது. விமானியோடு பார்வையாளர் பத்துப் பேரும் மாண்டனர். விசாரணையில் பழி எஞ்சின்மேல் விழவில்லை. வாலில் ஒரு சிறு தகட்டைப் பிடித்திருந்த திருகுகள் தளர்ந்திருந்தன. நலிந்துபோன நட்டுகள் அவற்றை இறுக்கிப் பிடிக்கவில்லை.

விமானி தம் உயிரைத் தாமே பணயம் வைத்தார். அந்தப் பத்துப் பேரும்கூட வேடிக்கை பார்க்க விரும்பி வந்தவர்கள் என்று வாதாடலாம், நான் வாதாடமாட்டேன். ஏலக்காய் பறிக்கப் போகிறவளைப்பற்றி யாருமே அப்படிச் சொல்ல முடியாது. அந்த ஜீப்பில் ஏறாவிட்டால் அவளுக்கு அன்றைக்குக் கூலி இல்லை.

எஞ்சினைக் குமரியாக்கியவரிடம், "பிரேக்கையும் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

"ஓனர் சொன்னாத்தான்யா பார்ப்போம். எஞ்சின் நின்னா வண்டி நின்னுபோகும், வருமானம் போச்சுன்னு உடனே இழுத்துட்டு வந்துருவாரு. பிரேக் அப்படியா? பிடிக்கிற வரைக்கும் பிடிக்கும்."