சுலபமான பாதை

நடைப்பயணப் பாதைகளைப் பற்றிய குறிப்புகளில் கடைசியாக ஒரு சொல் இருக்கும். கடினம், நடுத்தரம், சுலபம். மலையேறுகிறவர்கள் கடினத்தைத் தேடிப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொஞ்சம் நடந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய்க்கு உட்கார்ந்துவிட வேண்டும் என்று நினைக்கிற என்னைப் போன்றவர்களுக்குச் சுலபம் போதும். கிந்தா பள்ளத்தாக்கில் இப்படிப்பட்ட நடைகளுக்குப் பஞ்சமே இல்லை. பத்து காஜா, தஞ்சோங் துவாலாங், கம்பார் என்று எந்தப் பக்கம் போனாலும் பழைய ஈயக்குட்டைகளின் கரையோரமாக ஒரு மண் பாதை கிடைக்கும். மேடு கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் லாலான் புல், தூரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள். பாட்டியைக்கூட அழைத்துப் போகலாம்.

இந்தச் 'சுலபம்' என்ற சொல்லைத்தான் கொஞ்ச நாளாக மனதில் வைத்துக்கொண்டு நடக்கிறேன். யாருக்குச் சுலபம் என்பது தெரிகிறது. யாரால் சுலபம் ஆனது?

கிந்தா ஆற்றுப் பள்ளத்தாக்கு இயல்பாகவே சமவெளிதான். ஆனால் இன்று நம் காலுக்குக் கீழே இருக்கும் மணல் பல இடங்களில் ஆறு போட்டுவிட்டுப் போனபடி கிடக்கவில்லை. ஈயத்துக்காக அதைத் தோண்டி எடுத்து, கழுவி, சலித்து, மறுபடியும் கீழே கொட்டியிருக்கிறார்கள். பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் வழியில் நிற்கும் 'டி.டி.5' என்ற ஈயக் கப்பலைப் பார்த்தவர்களுக்கு இது எப்படி நடந்தது என்று புரியும். கப்பல் என்று சொன்னாலும் அது கடலைப் பார்த்ததில்லை. தானே தோண்டிய குட்டையில் தானே மிதக்கும். முன்பக்கம் ஒரு நீண்ட ஏணி மாதிரியான சட்டம், அதில் சங்கிலியாகக் கோத்த இரும்பு வாளிகள். வாளிகள் தண்ணீருக்கு அடியில் போய் மண்ணை அள்ளி மேலே கொண்டுவந்து கொட்டும். சுழலும் சல்லடையில் கல்லும் கட்டியும் ஒதுங்கும். பிறகு எடை பார்த்துப் பிரிக்கும் வேலை. ஈயத்தாது தண்ணீரைப் போல ஏறக்குறைய 7 மடங்கு கனம், சாதாரண மணல் 2.65 மடங்குதான். அதனால் தண்ணீரைத் துடிக்கவிட்டால் தாது அடியில் தங்கும், மணல் மேலே வழிந்து போய்விடும். வழிந்ததெல்லாம் கப்பலின் பின்பக்கமாக வெளியே வந்துவிழும். முன்னால் தோண்டத் தோண்டப் பின்னால் நிரம்பும். கப்பல் நகரும்போது குட்டையும் கூடவே நகரும். ஒரு பொறியியல் மாணவனுக்கு இதைவிட அழகான யோசனையைக் காட்ட முடியாது. நான் அதன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இப்போது போனாலும் அப்படித்தான் நிற்பேன்.

அந்தக் கப்பலைப் பற்றிக் கேளுங்கள், எண்களாகச் சொல்வேன். 1938-இல் கட்டப்பட்டது. எடை 4,500 டன். மிதவையின் நீளம் 75 மீட்டர், அகலம் 35. ஓடியது 44 வருடம், நின்றது 1982-இல். வடிவமைத்த நிறுவனத்தின் பெயரும் தெரியும், எஃப். டபிள்யூ. பெயின் அண்ட் சன். ஆனால் அதில் இரவு ஷிஃப்டில் வாளிச் சங்கிலிக்கு கிரீஸ் தடவியவர்களில் ஒருவர் பெயரைச் சொல் என்றால் எனக்குத் தெரியாது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று இனம்தான் சொல்லத் தெரிகிறது. பக்கத்துக் குட்டைகளில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று மரத்தட்டில் தாது அரித்த 'டூலாங்' பெண்களைப் பற்றியும் அப்படித்தான். பெரும்பாலும் சீனப் பெண்கள் என்பதோடு என் தகவல் நின்றுவிடுகிறது.

இது வரலாற்றுக்காரர்களின் குறை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இதே பழக்கம் என் வேலையிலும் இருக்கிறது. கட்டுமான இடத்தில் ஒவ்வொரு நாள் மாலையும் நாங்கள் ஒரு அறிக்கை எழுத வேண்டும். அதில் இயந்திரங்களுக்குத் தனித்தனி வரி உண்டு. எக்ஸ்கவேட்டர், அதன் மாடல், பதிவு எண், எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது சர்வீஸ். ஆட்களுக்கு ஒரே கட்டம்தான்: மொத்தம் 14. அந்தப் படிவத்தை யாரும் கெட்ட எண்ணத்தில் தயாரிக்கவில்லை. இயந்திரம் நின்றால் வேறு கொண்டுவர நாளாகும், ஆள் வராவிட்டால் மறுநாளே இன்னொருவர் வருவார். அருமையானதற்குப் பெயர், மலிவானதற்கு எண்ணிக்கை. அதே கணக்குதான் எண்பது வருடம் கழித்து என்னைப் போன்றவன் நினைவில் டன்னாகவும் மீட்டராகவும் தங்குகிறது.

என்னோடு நடக்க வருகிற நண்பன் ஒருவனுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. "என்னாடா, நடக்க வந்தா நடக்க வேண்டியதுதானே. அழகா இருக்கு, பார்த்துட்டுப் போ. அவங்கெல்லாம் செத்து எத்தன வருசம் ஆச்சு" என்பான். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. குட்டைகள் அழகுதான். பத்து காஜா பக்கத்தில் பழைய ஈய நிலம்தான் இன்று கிந்தா இயற்கைப் பூங்கா. நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும் இடம், பறவை பார்ப்பவர்கள் நீளமான லென்ஸோடு வந்து நிற்பார்கள். நாரைக்கு அது யார் தோண்டிய பள்ளம் என்ற கவலை கிடையாது. ஆனால் 'இயற்கை' என்று பெயர் வைக்கும்போது ஏதோ ஒன்று சத்தமில்லாமல் கழன்று விழுகிறது என்று எனக்குப் படுகிறது. வியர்வை சிந்தி உண்டாக்கிய நிலத்தை, மழை பெய்து தானாக வந்த நிலம் மாதிரி ஆக்கிவிடுகிறோம். தைப்பிங் ஏரிப் பூங்காவும் ஈயம் எடுத்த பள்ளம்தான், 1880-லேயே பூங்கா ஆகிவிட்டது. அங்கே மாலையில் நடப்பவர்களிடம் இது ஈய லம்பம் என்றால் பாதிப் பேர் சிரிப்பார்கள்.

இன்னொரு நண்பி இதற்கு நேர் எதிர். இப்படிப்பட்ட இடங்களில் படம் எடுத்துப் போடுவதே அசிங்கம், மயானத்தில் பிக்னிக் போவதுபோல என்பாள். இதையும் நான் ஏற்கவில்லை. குற்ற உணர்ச்சி மலிவான பொருள். அது வந்தவுடனே பேச்சு முழுக்க என்னைப் பற்றியதாகிவிடுகிறது: நான் எவ்வளவு நுட்பமானவன், எவ்வளவு வருந்துகிறேன். குட்டையில் நின்ற பெண்ணுக்கு அதனால் ஒரு காசு பயன் இல்லை. மேலும் அந்த வேலை வெறும் துன்பம் மட்டுமா? 1985 அக்டோபரில் லண்டன் சந்தையில் ஈய வியாபாரம் நின்று, விலை சரிந்து, இங்கே லம்பங்கள் வரிசையாக மூடியபோது அந்த வேலை போய்விட்டதே என்றுதான் ஆட்கள் கலங்கினார்கள். வேலை இருந்ததும் கஷ்டம், போனதும் கஷ்டம். அவர்கள் வாழ்க்கையை வெறும் மயானமாக்குவதும் ஒருவகை அவமரியாதைதான்.

அப்படியானால் கடன் என்று ஏதாவது இருக்கிறதா? முதலில் 'நன்றி' என்ற சொல்தான் எனக்குத் தோன்றியது. கொஞ்ச தூரம் போனால் அதுவும் பொருந்தவில்லை. அவர்கள் யாரும் எனக்காகத் தோண்டவில்லை. சம்பளத்துக்காகத் தோண்டினார்கள், கம்பெனி லாபத்துக்காகத் தோண்டியது. தட்டையான பாதை யாருமே நினைக்காமல் கிடைத்த மிச்சம். கொடுக்க நினைக்காதவருக்கு எப்படி நன்றி சொல்வது? ஆனால் குறளில் அந்த அதிகாரத்தின் பெயரைப் பாருங்கள். செய்ந்நன்றி சொல்லல் இல்லை, செய்ந்நன்றி அறிதல். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இந்த 'அறிதல்' என் காதில் விழவே இல்லை. சொல்வதற்கு எதிரில் ஆள் வேண்டும். அறிவதற்கு வேண்டாம். கொடுத்தவர் நினைத்துக் கொடுத்தாரா என்பதும் அங்கே அவ்வளவு முக்கியம் இல்லை. கால் வைத்திருக்கும் மணல் ஏன் இவ்வளவு வெள்ளையாக, இவ்வளவு சத்தில்லாமல், மரம் பிடிக்காமல் இருக்கிறது என்று அறிவது. இங்கே குட்டைக் கரை ஏன் திடீரென்று செங்குத்தாக இறங்குகிறது என்று அறிவது. (இதை அறியாமல் குளிக்க இறங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர் ஈயக்குட்டைகளில் போயிருக்கிறார்கள். சுலபம் என்ற சொல் பாதைக்கு மட்டும்தான், தண்ணீருக்கு இல்லை.)

செத்தவர்களை அறிவதில் ஒரு வசதி இருக்கிறது, அவர்கள் எதுவும் கேட்க மாட்டார்கள். எனக்கு உறுத்துவது வேறு. சில பூங்காக்களில் குட்டையைச் சுற்றி நடைபாதைக் கல் பதிக்கிறார்கள். பதிப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்து இளைஞர்கள். குந்திக்கொண்டு, ரப்பர் சுத்தியலால் ஒவ்வொரு கல்லாகத் தட்டி மட்டம் பார்க்கிறார்கள். நாங்கள் ஓடும் சப்பாத்தோடு அவர்களைச் சுற்றி விலகிப் போகிறோம். பாதையை இன்னும் சுலபமாக்கிக்கொண்டிருப்பவர்கள் உயிரோடு, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். பெயர் கேட்டால் சொல்வார்கள். இன்னும் எண்பது வருடம் கழித்து அங்கே நடப்பவனுக்குக் கல்லின் அளவு தெரிந்திருக்கும்.

நண்பன் இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான். "பேர் கேட்டு என்னா செய்யப் போற? சம்பளத்த நீயா கூட்டித் தருவ?" நல்ல கேள்வி. பெயர் தெரிந்தால் சம்பளம் கூடாது. ஆனால் பெயர் தெரிந்தவன் மறுநாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கத் தோன்றும். 'மொத்தம் 13' என்று எழுதும்போது கை ஒரு நொடி நிற்கும். கட்டுமான இடத்தில் அந்த ஒரு நொடிக்கு என்ன மதிப்பு என்று பாதுகாப்பு அதிகாரிகளைக் கேட்டால் தெரியும்.

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில் இன்னொரு சுலபமான நடை உண்டு, கெல்லி மாளிகை. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் முடிக்காமல் விட்ட வீடு. அவர் 1926-இல் லிஸ்பனில் இறந்துபோனார். கட்டியவர்களில் மதராஸிலிருந்து வந்த தமிழர்களும் இருந்தார்கள், அவர்களில் பலர் காய்ச்சலில் இறந்ததாகச் சொல்வார்கள். பக்கத்தில் அவர்களுக்காக அவர் கட்டிக்கொடுத்த மாரியம்மன் கோவில் இருக்கிறது. அதன் மேலே, சாமி உருவங்களுக்கு நடுவில், கோட்டுப் போட்ட கெல்லி நிற்கிறார். அதை முதலில் பார்க்கும்போது சிரிப்புத்தான் வரும். அது நன்றியா, விசுவாசமா, கொஞ்சம் கேலியும் கலந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. வேலை செய்தவர்கள் முதலாளியை அறிந்து, முகம் செதுக்கி, சாயம் பூசி, மழை வெயிலில் நிற்கவைத்துவிட்டார்கள். செதுக்கியவர் பெயரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.