மயிலுக்குக் குளிருமா

எங்கள் வீட்டில் ஏசி இருப்பது ஓர் அறையில் மட்டும்தான். அந்த அறையில் ஒரு சின்சில்லா வசிக்கிறது. 81 வயது ஆச்சி நடையில் ஃபேனுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பாள். இப்படி அடுத்தடுத்து எழுதிப் பார்க்கும்போது உறைக்கிறது. போன மே மாதம் வரைக்கும் எனக்கு இது உறைத்ததே இல்லை.

சின்சில்லா எலி வகைதான். எலி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும் என்று ஆச்சிக்குத் தெரியும், அதனால் 'பெருச்சாளி' என்பாள். உருண்டையாக இருக்கிறதே என்று நான் அதற்குக் கொழுக்கட்டை என்று பேர் வைத்தேன். "பிள்ளையாரு திங்கிறத அவரு வாகனத்துக்கே பேரா வச்சிருக்கா பாரு" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். பெங்களூரில் என்னோடு தங்கியிருந்தவள் வெளிநாடு போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போன உயிர் அது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றானதும் கூண்டைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டேன், ஒரே ராத்திரிப் பயணத்தில்.

1923-இல் மத்தியாஸ் சாப்மன் என்கிற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் சிலி நாட்டு மலையிலிருந்து 11 சின்சில்லாக்களைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். மேலேயிருந்து கடல் மட்டத்துக்கு அவற்றை இறக்கவே ஏறக்குறைய ஒரு வருஷம் எடுத்துக்கொண்டார். கொஞ்சம் இறக்குவது, பழக விடுவது, மறுபடி கொஞ்சம் இறக்குவது. கப்பலில் கூண்டைப் பனிக்கட்டி வைத்துக் குளிர்வித்தார். இன்று வீடுகளில் வளர்கிற சின்சில்லாக்களில் பெரும்பாலானவை அந்தப் பதினொன்றின் வாரிசுகள். இத்தனை பொறுமையும் எதற்கு என்றால், ரோமப் பண்ணை வைக்க. ஒரு முழு அங்கி தைக்க நூற்றுக்கு மேல் தோல் வேண்டும். அந்த ஆசையில்தான் ஆண்டிஸ் மலையில் அந்த இனமே ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டிருந்தது. தோலுரிக்கப் போகிறவருக்கு இருந்த நிதானம்கூடக் கொஞ்சப் போகிற எனக்கு இருக்கவில்லை.

அந்த ரோமம் ஒரு அதிசயம். நமக்கு ஒரு மயிர்க்காலில் ஒன்றோ இரண்டோ முடி முளைக்கும், அதற்கு ஐம்பதுக்கு மேல். கழற்ற முடியாத கம்பளி. வேர்க்கவும் வேர்க்காது. உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கிற பெரிய வழி காதுதான். 25 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து தொடங்கிவிடும். கத்திரியில் பாளையங்கோட்டை வெயில் 40-ஐத் தாண்டுகிற நாள் உண்டு.

அப்படி ஒரு நாள், ஒரு முகூர்த்த நாள். நானும் அம்மாவும் சங்கரன்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். ஏசியை 22-இல் வைத்துவிட்டுத்தான் போனேன். பத்தரை மணிக்குக் கரண்ட் போய்விட்டது. வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனை ஓட்டும், ஏசியை ஓட்டாது. இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமா? மே மாதம் கரண்ட் போகும் என்று இந்த ஊரில் எந்தப் பிள்ளைக்குத் தெரியாது?

ஒரு மணிக்குத் திரும்பி வந்தபோது கூண்டு நடையில் இருந்தது. ஆச்சி எப்படி அதை இழுத்து வந்தாளோ. சிவப்புத் தரை முழுக்க மண்பானைத் தண்ணீரை ஊற்றியிருந்தாள். கூண்டு மேல் ஈரத்துண்டு. பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். "கரண்டு போச்சேன்னு உள்ள போயிப் பாத்தேன், வாயில தண்ணி ஒழுவ மூச்சு வாங்கிட்டுக் கெடந்துது ட்டி. சும்மா பாத்துட்டு இருக்கச் சொல்லுதியா?" கொழு ஒருக்களித்துக் கிடந்தது. காது ரெண்டும் செக்கச் செவேல் என்று இருந்தன.

கூண்டோடு காரில் வைத்து ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓடினேன். பதற்றத்தில் ஐஸ் தண்ணீரில் முக்கிவிடத் தோன்றும், அதைச் செய்யக்கூடாது. திடீர்க் குளிர்ச்சியே அதைக் கொன்றுவிடும். காதையும் பாதத்தையும் ஈரத்துணியால் ஒற்றி மெதுவாகத்தான் சூட்டை இறக்க வேண்டும். தோலுக்கடியில் ஊசி வழியாகத் திரவம் ஏற்றினார்கள். இனிமேல்தான் பாடு என்றார் மருத்துவர். இந்த வகை உயிர்களுக்குக் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சாப்பாடு நின்றால் குடல் நின்றுவிடும், அதோடு முடிந்தது.

தீவனத்தைப் பொடித்து ஊறவைத்து, ஊசி மாட்டாத சிரிஞ்சில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்டினேன், ராத்திரியும்தான். அலாரம் வைத்து எழுந்தேன். புழுக்கை வருகிறதா என்று டார்ச் அடித்துத் தேடினேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் நான்கு, அரிசியைவிடச் சின்னதாக, காய்ந்து. மூன்றாம் நாள் காலை பன்னிரண்டு. நோட்டில் எழுதினேன். அழுகையே வந்துவிட்டது. அம்மாவிடம் ஓடிப்போய் நோட்டைக் காட்டினேன்.

அம்மா தோசைக்கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எலிப்புழுக்கய எண்ணி எழுதி வச்சிருக்கியே, ஒங்க ஆச்சி ரெண்டு நாளா என்ன சாப்பிட்டான்னு சொல்லு பாப்போம்."

ரெண்டரை மணி நேரம் அந்த வெக்கையில் வீசியவள். அன்றைக்குச் சாயங்காலமே தலைசுற்றி, சுவரைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரே வாந்தி. அம்மாதான் உப்பும் சீனியும் கரைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் அப்போது பக்கத்து அறையில், கதவைச் சாத்தி, குளிர்ச்சியில்.

பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். கொடைமடம் என்று அதற்குப் பெயர். மயிலுக்குக் குளிருமா, போர்வையை அது என்ன செய்யும் என்றெல்லாம் யோசிக்காத இரக்கம், ஆனால் அழகான இரக்கம் என்று வாத்தியார்கள் சொல்வார்கள். அவர்கள் அதிகம் சொல்லாத இன்னொன்று புறநானூற்றிலேயே இருக்கிறது. அதே பேகன் தன் மனைவி கண்ணகியைக் கைவிட்டிருந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவளுக்காக அவனிடம் பாடினார்கள். எங்களுக்குப் பரிசில் வேண்டாம், நீ வீட்டுக்குப் போ என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம்.

எனக்கு இப்போது பேகனை நன்றாகப் புரிகிறது. மயில் எதுவும் கேட்காது, போர்வை வாங்கிக்கொண்டு போய்விடும். மனைவி கேள்வி கேட்பாள். கொழுவுக்கு வந்த நோய் என்னால் வந்தது, அதற்கு மருந்தும் மில்லியும் மணிக்கணக்கும் இருந்தன. ஒவ்வொரு சிரிஞ்சுக்கும் என் குற்றம் கொஞ்சம் கரைந்தது. அந்த மூன்று நாளும் நான் யாரைக் குணப்படுத்திக்கொண்டிருந்தேன் என்று கேட்டால், பாதிக்குப் பாதி என்னைத்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் "மனுஷருக்கு மிஞ்சித்தான் மிருகம்" என்று அம்மா முடித்ததை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தக் கணக்கை ஆச்சியே மதிக்கவில்லையே. அது அவள் வாங்கிய உயிர் இல்லை, அவள் கெடுத்ததும் இல்லை. அவளுக்கு அதைப் பிடிக்கும் என்றுகூடச் சொல்ல முடியாது. மூச்சு வாங்கிக் கிடந்தது, வீசினாள், அவ்வளவுதான். நான் கடன் தீர்த்தேன். அவள் செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை, இரக்கம் என்கிற சொல்லைக்கூட அவள் பயன்படுத்த மாட்டாள்.

சித்தி பையன், "மாஞ்சோலையில கொண்டு விட்ருவோமா, அங்க குளுருமே" என்று கேட்டான். ஆண்டிஸில் அது வாழ்வது காய்ந்த மலையில். மாஞ்சோலையில் மழை கொட்டும், அந்த ரோமம் நனைந்தால் லேசில் காயாது. போதாததற்குப் புலிகள் காப்பகம். கூந்தன்குளத்தில் மரத்திலிருந்து விழுகிற குஞ்சுகளை எடுத்து வளர்த்தால் ஒரு நாள் அவை பறந்துபோகும், வளர்த்தவருக்கு வேலை முடியும். எனக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. சின்சில்லா பதினைந்து, இருபது வருஷம்கூட இருக்கும். அது குணமாகித் திரும்பிப் போகிற காடு என் ஏசி அறைதான்.

ஆச்சியை அந்த அறையில் படுக்கச் சொன்னேன். "எனக்கு அந்தக் குளுரு ஆவாது" என்றாள். வழக்கமாக அதோடு விட்டுவிடுவேன், ஒரு தடவை கேட்டாச்சு என்று மனசும் ஆறிவிடும். இந்தத் தடவை மறுநாளும் கேட்டேன், அதற்கு மறுநாளும் கேட்டேன். நான்காம் நாள் முணுமுணுத்துக்கொண்டே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

நடுராத்திரியில் கொழு கட்டையைக் கொறித்துக்கொண்டு கூண்டுக்குள் இங்கேயும் அங்கேயும் தாவியது.

"ஏட்டி, இது ஒறங்கவே ஒறங்காதா?"

"ராத்திரி முழிச்சிருக்கிற சாதி ஆச்சி."

"அப்ப என்னய மாதிரிதான்."

ஆச்சி ராத்திரிகளில் உறங்குவதில்லை என்று எனக்குத் தெரியாது. எத்தனை வருஷமாக என்று கேட்டேன். தாத்தா போனதிலிருந்து என்றாள். பிறகு கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் அது கொறிப்பதைக் கேட்டுக்கொண்டு கிடந்தோம்.

"கால்மாட்டுல கெடக்க போர்வைய எடு ட்டி" என்றாள். "குளுருது."