நீளிரவின் மலர்கள்

மார்கழி பிறந்துவிட்டால் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் பூக்கடைகளின் நிறமே மாறிவிடும். மல்லிகைச் சரம் அருகி விலையேறும். தொட்டிகளில் சாமந்தியும் டாலியாவும் பெட்டூனியாவும் அணிவகுத்து நிற்கும். வங்காளியர் சந்திரமல்லிகா என அழைக்கும் சாமந்தியே அவற்றுள் அரசி. தெற்கிலிருந்து வந்து இங்கு வேர்விட்ட நாம், ஒரு கையில் மல்லிகை முழத்தையும் மறுகையில் சாமந்தித் தொட்டியையும் ஏந்தி வீடு திரும்புகின்றோம்.

"இக்குளிரிலும் பூக்கின்றதே, என்ன உறுதி!" என்று சாமந்தியை வியக்கின்றோம். இலையோடு வாளாநிற்கும் மாடத்து மல்லிகைச் செடியையோ, "இம்மண் இதற்கு ஒத்துவரவில்லை" எனக் குறைகூறுகின்றோம். இப்புகழும் இப்பழியும் முறையானவைதாமா?

செடி பூப்பதற்கும் பகற்பொழுதின் அளவிற்கும் உள்ள தொடர்பை 1920இல் அமெரிக்க ஆய்வாளர்களாகிய கார்னரும் அலார்டும் எடுத்துக்காட்டினர். குறும்பகற் செடிகளுக்குப் பகலின் குறுக்கத்தினும் இடையறாத இரவின் நீளமே இன்றியமையாதது என்பதை 1938இல் ஹாம்னரும் பானரும் ஒரு களைச்செடியைக் கொண்டு தெளிவித்தனர். சாமந்தியும் அவ்வினத்ததே. இரவு நீண்டால் அது அரும்பு கட்டும்; நாள்தோறும் நள்ளிரவில் விளக்கொளி பட்டால் அரும்பாது நின்றுவிடும். எனவே, நெடிய இரவு சாமந்திக்குத் தடையன்று. அது பூப்பதற்குக் காரணமே அதுதான். மல்லிகைக்கோ பனிக்காலம் ஓய்வுக்காலம். அப்போது கவாத்துச் செய்தால் வேனிலில் அது குலுங்கும். ஒன்றன் பூப்பு வீரமும் அன்று, மற்றதன் ஓய்வு தோல்வியும் அன்று.

அலிப்பூரில் உள்ள வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1820இல் வில்லியம் கேரியால் நிறுவப்பெற்றது. அத்தகைய சங்கங்கள் நடத்தும் குளிர்கால மலர்க்காட்சியில் மல்லிகைக்குப் பரிசு கிட்டாது. அதனால் மல்லிகை தாழ்ந்ததாகுமா? காட்சி நடந்த நாளே அதன் நாள் அன்று, அவ்வளவே.

இவ்வுண்மையைச் செடிக்கு எளிதில் வழங்கிவிடும் நாம், நம் வீட்டாருக்கு வழங்கத் தயங்குகின்றோம். இங்குப் பிறந்த குழந்தை வங்காளத்தில் பாடி, தமிழில் தடுமாறினால், "வேர் அறுந்தது" என்று வருந்துகின்றோம். முதுமையில் ஊர்விட்டு வந்த அன்னை சாளரத்தருகே பேசாதிருந்தால், "பழகத் தெரியாதவர்" என்கின்றோம். ஒருவரின் பருவத்தை அவருடைய இயல்பென்று கொள்வதே நாம் செய்யும் பிழை.

மனிதர் செடியல்லர், தெரிந்து செயலாற்றும் உரிமை அவர்க்கு உண்டு என்பது மெய்யே. வஞ்சித்தவன், "என் பருவம் அது" என்று கூறித் தப்ப இயலாது. ஆயின் செய்த தீமை வேறு. மலரத் தாழ்ப்பது வேறு. முன்னது தீர்ப்புக்கு உரியது; பின்னது பொறுமைக்கு உரியது.

அங்ஙனமாயின் வாளா காத்திருத்தல் போதுமா? போதாது. மார்கழிச் சாமந்திக்கான உழைப்பு மார்கழியில் தொடங்குவதன்று. முந்தைய ஆண்டின் தூரிலிருந்து பக்கக் கன்றுகளைப் பேணி, மழைக்காலத்தில் நட்டு, நுனி கிள்ளி, கோல் ஊன்றிக் காத்தவனுக்கே அது பூக்கின்றது. ஒரு பூவும் இல்லாத அத்திங்களிலேதான் அவன் கடமை முழுவதும் அடங்கியுள்ளது. குழந்தைக்கு நாள்தோறும் ஒரு கதை தமிழில் சொல்வதும், அன்னையோடு அவர் ஊர்ப் பேச்சைப் பேசியிருப்பதும் அத்தகைய பணிகளே. நீர் வார்ப்பது நம் கடமை. நாள் குறிப்பது நம் உரிமையன்று.

"இன்னும் பூக்கவில்லையா?" என்று இரவெல்லாம் விளக்கேந்திப் பார்ப்பவனின் அன்பு பெரிதுதான். ஆனால் அவ்விளக்கே அரும்பைத் தடுத்துவிடுகின்றது. விருந்தினர் முன் குழந்தையைத் தமிழ் ஒப்பிக்கச் சொல்லி, தடுமாறும்போது தலைகுனியச் செய்கையில், நாம் ஏந்துவதும் அவ்விளக்கைத்தான்.

குறுந்தொகைத் தலைவி ஒருத்தி, அவரை பூத்த பனிக்காலத்திலும் தலைவன் வரவில்லையே என ஏங்குகின்றாள். அவள் ஏக்கத்திற்காக அவரை காலந்தாழ்த்திப் பூக்கவில்லை; விரைந்தும் பூக்கவில்லை. நம் ஏக்கமும் அத்தகையதே. அதனை நம்மிடமே வைத்துக்கொண்டு, இன்றைக்குரிய நீரை இன்று வார்ப்போமாக.