வேண்டாம் என்பதன் முறை

கொடுப்பதைப் பற்றி விரிவாகப் பேசும் தமிழ் அறமரபு, கொடுத்ததை வேண்டாம் என்பதைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேசிய இடங்களில் முக்கியமான இரண்டு, கொங்கு நாட்டையும் அதன் விளிம்பையும் சேர்ந்தவை. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைக் கழைதின் யானையார் பாடிய புறநானூற்றின் 204ஆம் பாடல், கொடுப்பதைவிட அதை ஏற்க மறுப்பதற்கே மேலிடம் தருகிறது. பரிசில் நாடி வந்த புலவரே இதைச் சொன்னார் என்பதுதான் ருசி. 208ஆம் பாடலில், தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி நேரில் பார்க்காமல் அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுக்கிறார். தம் தகுதி அறிந்து தந்தால் தினையளவும் போதும் என்கிறார். வறுமையைப் பலமுறை பாடியவர் அவர். பொருளில் அவருக்குக் குறை தெரியவில்லை, முகம் பாராமல் வந்ததுதான் குறை. இதே புலவர், தம்மை மதிக்காத இளவெளிமான் என்ற தலைவனின் காவல் மரத்தில், வள்ளல் குமணன் தந்த யானையைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தார். அதை மரியாதையான மறுப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

கோவை வட்டாரத்தில் இன்று மறுப்பின் பாதி வேலையை 'ங்க' செய்துவிடுகிறது. வெறும் "வேண்டாம்" முகத்தில் அடிக்கும். "இருக்கட்டுமுங்க", "சாப்புட்டுப்போட்டுத்தானுங்க வந்தேன்" என்றால் அடிக்காது. காபி வேண்டாதவர் சொம்புத் தண்ணீரில் ஒரு வாயாவது குடிப்பார். பந்தியில் இலைக்கு மேல் கையைக் குறுக்கே காட்டினால் போதும். பரிமாறுகிறவர் அதையும் மீறி ஒரு கரண்டி வைப்பார், அது அவர் பங்கு.

சாப்பிடாமலே "சாப்பிட்டேன்" என்பது பொய்யல்லவா? தீங்கில்லாத சொல்லையே வாய்மை என்கிறது குறள். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்க்கும் அந்த இடத்தைத் தருகிறது. கூச்சத்தில் சொன்ன இந்தச் சொல் யாரையும் புண்படுத்துவதில்லை என்பதால், அந்தக் கணக்கில் தேறிவிடுகிறது. விரதம் இருப்பவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. "இன்னிக்குச் சனிக்கிழமைங்க", "மாலை போட்டிருக்கேனுங்க" என்றால் யாரும் வற்புறுத்துவதில்லை. கிடாவெட்டு விருந்தில் கறி உண்ணாதவர், சாமி திருநீற்றை மட்டும் வாங்கிக்கொண்டால் அழைத்தவர் மனம் கோணுவதில்லை. சாமி முடிவு செய்ததாக ஆகிவிடுவதால், மறுப்பு, கொடுத்தவர் மேல் விழுவதில்லை.

இதே இதமான சொற்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. தலித் வீட்டுத் திண்ணையில் வேறு சாதிக்காரர் ஒருவர் "இப்பத்தானுங்க குடிச்சேன்" என்று சொல்லும்போது, அதில் விரதமும் இல்லை, கூச்சமும் இல்லை. ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காது. சொல்லில் குறையில்லாததால் கேள்வி கேட்கவும் வழியில்லை. தேநீர்க் கடையின் தனி டம்ளரையாவது காட்டிக் கேட்க முடியும். குறளின் அளவுகோலில் இந்தப் பொய் தேறாது, ஏனெனில் கேட்பவருக்குக் காரணம் தெரியும். அடுத்த முறை அப்படி ஒருவர் வந்தால், அந்த வீட்டிலிருந்து பையனைக் கடைக்கு அனுப்பி, மூடி திறக்காத கலர் பாட்டில் வாங்கிவரச் சொல்கிறார்கள். வந்தவர் அதை மறுக்காமல் குடித்துவிட்டுப் போகிறார்.